கை நீட்டின தூரம்

லியபாயாவில், பனி கொட்டின திங்கட்கிழமை,
கண்ணாடித் தடுப்புக்கு அடியில்
எட்டு நோட்டுகளைத் தள்ளினார் குன்வால்டிஸ்.
எண்ணும் இயந்திரம் எட்டையும் துப்பியது.

"உகியா," என்றார். "மொரித்தானியா.
மீன்பிடிக் கப்பலில் மெக்கானிக், ஆறு மாசம்."

சர்மீதே பட்டியலை உருட்டினாள்.
மொரீஷியஸ் இருந்தது. மெக்சிகோ இருந்தது.
நடுவில் ஒன்றுமில்லை.
"வாங்கினாலும் பத்தொன்பது யூரோ தேறாது."

"என் பணமில்லை.
சமையல்காரன் யெஸ்லிமுடையது.
படிக்கிற கண்ணாடி ஒன்று வாங்கி வரச் சொன்னான்."

"என்ன பவர்?"

அதை யார் கேட்டார்கள்.
அரிசியில் கல் பொறுக்கும்போது
தட்டை இவ்வளவு தள்ளிப் பிடிப்பான் என்று
வலக்கையை நீட்டினார்.
போதவில்லை;
கழுத்தையும் கொஞ்சம் பின்னுக்கு இழுத்துக்கொண்டார்.

வரிசையில் யாரோ இருமினார்கள்.
சர்மீதே தன் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி
விரல் நுனியிலிருந்து மூக்கு வரை
அந்தக் கையை ஒருமுறை பார்த்தாள்.

"இரண்டரை."

ரசீதுத் தாளின் முதுகில் எழுதி
எட்டு நோட்டோடு சேர்த்து
வெளியே தள்ளினாள்.

அடுத்த எண்ணைக் கூப்பிட்டாயிற்று.
அவர் இன்னும் கையை மடக்காமல்
கதவைத் தோளால் தள்ளிக்கொண்டு போனார்.