உலர் எடை

முதலில் வழிதான் மறந்தது.
ஒன்பதாயிரம் லிட்டர் ஏற்றிக்கொண்டு
அயனாவரம் போக வேண்டியவன்
கொளத்தூரில் ஒரு முட்டுச்சந்தில் நின்றேன்.
குடத்தோடு ஓடிவந்த பெண்கள்
"இன்னிக்கு எங்க முறையா?" என்றார்கள்.
பதில் இருந்தது, வாய்க்கு வரவில்லை.
லாரி என்கிற சொல்கூட
நாக்கின் ஓரத்தில் வழுக்கியது.

மூளையில்தான் ஏதோ என்று குணவதி அழுதாள்.
ராத்திரி குடித்திருப்பான் என்றான் மச்சான்.
ஸ்கேன் எடுத்தார்கள்.
தலையில் ஒன்றும் இல்லையாம்.
மச்சான் அதைத் தெரு முழுக்கச் சொன்னான்.

ரத்தம் பார்த்த சின்ன டாக்டர்
ரிப்போர்ட்டின் பின்பக்கத்தில்
இரண்டு அவரைக்கொட்டை வரைந்தார்.
"வடிகட்டி அடைச்சுப் போச்சுண்ணே.
வெளிய போக வேண்டிய அழுக்கு
மேல ஏறிடுச்சு.
மூளை பாவம், அது என்ன பண்ணும்?"

இருபது வருஷம் தண்ணி லாரி ஓட்டியவனுக்கு
இது போதும்.
கீழே பைப்பு அடைத்தால்
மாடிவீட்டில் நாறும்.

அடைத்தது யார் என்றும் கேட்டார்.
தலை சுற்றாத நாளில் எதற்கென்று
விட்டுவிட்டுப் போட்ட பிரஷர் மாத்திரை.
இடுப்பு வலிக்கு, சீட்டில்லாமல்
மெடிக்கலில் வாங்கி விழுங்கிய மாத்திரை
வருஷக் கணக்கில், டீயோடு.
கணக்கைச் சொல்லி முடித்தபோது
டாக்டர் பேனாவை மூடியிருந்தார்.

இப்போது செவ்வாயும் வெள்ளியும்
நாலு நாலு மணி நேரம் மெஷின்.
இடது கையில் இரண்டு ரத்தக்குழாயைச்
சேர்த்துத் தைத்திருக்கிறார்கள்.
காலையில் கண் விழித்ததும்
அதன்மேல் காதை வைப்பேன்.
தூரத்தில் போர் மோட்டார் ஓடுகிற சத்தம்.
"சத்தம் நின்னா பல்லுகூட விளக்காம ஓடி வரணும்"
என்கிறார் சிஸ்டர் பெனிட்டா.

ராத்திரிதான் கஷ்டம்.
காலுக்குள் எறும்பு ஊரும்.
நீட்டினாலும் மடக்கினாலும் நிற்காது.
நரம்புக்கும் அந்த அழுக்குதான் காரணமாம்.
மூன்று மணிக்கு ஹாலில் நடக்கிறேன்.
கீழ்வீட்டுக்காரர் இதுவரை ஒன்றும் கேட்கவில்லை.

ஒரு நாளைக்கு முக்கால் லிட்டர்.
காபி, ரசம், மாத்திரைக்கு மடக்கு
எல்லாம் அதற்குள்.
இளநீர் கூடாது. வாழைப்பழம் கூடாது.
காயை வேகவைத்து நீரைக் கொட்டிவிட்டுத்
தாளிக்கிறாள் குணவதி.
பக்கத்துப் படுக்கை ஜபருல்லா சொல்வார்:
"முப்பது நோன்பும் வெச்சவன்ணே நான்.
அந்தத் தாகத்துக்கு மக்ரிப் உண்டு."

உள்ளே போகுமுன் எடைமேடை.
என் உலர் எடை ஐம்பத்தெட்டு.
போன வெள்ளி அறுபத்தொன்றரை.
"மூணரை கிலோ தண்ணி.
எங்கிருந்து கொண்டு வந்தீங்க?"
பெனிட்டா சிரிக்கவில்லை.
கல்யாண வீட்டில் ஒரு பாயசம், சிஸ்டர்.
இரண்டு, என்று திருத்தினாள் குணவதி.

லாரி கொடுப்பதில்லை.
கீழ்ப்பாக்கத்தில் நீரேற்றும் இடத்தில்
உட்கார்ந்து டோக்கன் எழுதுகிறேன்.
அக்னி நட்சத்திரம்.
நிரம்பிய லாரியின் மூடி வழியாகத்
தளும்பித் தளும்பி ரோட்டில் ஓடுகிறது.
ஒரு கை ஏந்தி
வாய் கொப்பளித்துத்
துப்புகிறேன், சொட்டு விடாமல்.

புது டிரைவர் பையன் எட்டிப் பார்த்தான்.
"அயனாவரத்துக்கு எப்படிண்ணே போகணும்?"

மேடவாக்கம் டேங்க் ரோட்டைப் பிடி.
கொன்னூர் ஹைரோடு வந்ததும் இடது.
அப்புறம் மாவு மில், ரேஷன் கடை,
ஒரு கோணல் மின்கம்பம், அங்கே ரிவர்ஸ் எடு.
மூன்றாவது வீட்டம்மா திட்டுவாங்க, கண்டுக்காதே.

ஒரு திருப்பம்கூடத் தப்பவில்லை.
நேற்றுத்தான் கழுவின ரத்தம்.