காரணம் என்ற கட்டம்

மண்டபம் வடகடல் பக்கம்
நண்டுக் கம்பெனியில்
வருகைப் பதிவேடு என் பொறுப்பு.
நாள், பெயர், டோக்கன் நம்பர்,
கடைசியில் விரலகலத்துக்கு ஒரு கட்டம்:
காரணம்.

நாற்பத்திரண்டு பேர்.
ஒன்றரை வருஷமாக அந்தக் கட்டத்தில்
ஒரே ஒரு நோய்தான்.
கச்சான் அடித்தாலும் காய்ச்சல்,
வாடை திரும்பினாலும் காய்ச்சல்.
தடைக்காலத்தில் வேலையே பாதி நாள்,
அந்தப் பாதியிலும் காய்ச்சல்.
நெற்றியைத் தொட்டுப் பார்க்க
எனக்குச் சம்பளம் இல்லை.
டிக் போட்டுப் பக்கம் புரட்டுவேன்.

சகாய ஆக்னசுக்கு மட்டும்
ஆகஸ்டில் ஏழு காய்ச்சல்.

மேசையிலேயே வேகமான கை அவளுடையது.
வெந்த நண்டின் முதுகில் ஒரே நெம்பு,
சதை உடையாமல் வரும்.
அதனால்தான் நீல விளக்கு அறைக்கு மாற்றினார்கள்.
இருட்டில் சதையைப் பரப்பி
ஓட்டுச் சில் தேடுகிற வேலை.
ஊசிமுனை அளவு இருந்தாலும்
அந்த வெளிச்சத்தில் மினுங்கும்.
ஒன்று தப்பினால்
டப்பா கப்பலேறித் திரும்பி வரும்,
அதற்கு முன்பே மேனேஜர் குரல் வந்துவிடும்.

வியாழக்கிழமை
அவள் தேடுவதை நிறுத்திவிட்டாள்.
இடுக்கி கையில் இருக்கிறது.
கண் ட்ரேயில் இருக்கிறது.
ஐஸ் தண்ணீர் முழங்கையில் வழிகிறது.
கூப்பிட்டால் "ம்" என்கிறாள்.
கால் மணி நேரம் அப்படியே.

"ஏர்வாடிக்கு ஒரு டிக்கெட் போடுங்கடி"
என்றது ஒரு குரல்.
வாய்க்கவசம் போட்ட கூட்டத்தில்
எந்தச் சிரிப்பு யாருடையது என்று தெரியாது.
என்னுடையதும் அதில் இருந்தது.
இதையும் எழுதித்தான் வைக்க வேண்டும்.

ஜெய்லானி பீவி சிரிக்கவில்லை.
கையுறையைக் கழற்றி
மேசை ஓரத்தில் வைத்தாள்.
"எங்க அண்ணன் அங்கதான் இருந்தான்,
பதினோரு மாசம்.
நான்தான் சோறு கொண்டு போவேன்.
அதுக்கு முந்தி ரெண்டு வருசம்
ஐஸ் பிளாண்ட்ல வேலைக்குப் போயிட்டுத்தான் இருந்தான்.
ஒரு நாள் லீவு கெடையாது.
ஒருத்தரும் கேக்கல. நானுந்தான்."

அவ்வளவுதான் சொன்னாள்.
ஸ்டூலை இழுத்து ஆக்னஸ் பக்கத்தில் போட்டு
அவள் ட்ரேயில் பாதியைத்
தன் பக்கம் அள்ளிக்கொண்டாள்.

பாம்பன் பக்கம் ரயில் ஊர்ந்து போகும் சத்தம்
வந்து, நின்று, போனது.
பிறகு ஆக்னஸ் பேசினாள், சதையைப் பார்த்தபடியே:
"கண்ண மூடுனாலும் மினுங்குதுக்கா.
தூங்கி இருபது நாளாச்சு."

மேனேஜர் அறைக்குப் போனேன்.
வாசலில் நினைத்து வைத்தது ஒன்றும்
உள்ளே வரிசையாக வரவில்லை.
நீல அறையில் ரெண்டு மணிக்கு ஒருக்க ஆள் மாறணும் சார்.
"கிலோ குறையும்."
குறையும் சார்.
ராமநாதபுரம் ஆஸ்பத்திரியில
மனசுக்குப் பாக்குற டாக்டர் இருக்காங்க,
சம்பளம் பிடிக்காம அனுப்பணும்.
"எல்லாரும் கேட்டா?"
பதில் என்னிடம் இல்லை.
அவர் மேசையில் ஒரு அட்டை அல்சர் மாத்திரை,
நாலு குழி காலி.
நான் பார்ப்பதைப் பார்த்து
பைலுக்கு அடியில் தள்ளினார்.
"சரி, ஒரு மாசம் பாப்போம்."

ஒரு மாசம் ஆயிற்று.
கிலோ குறைந்தது, கொஞ்சம்.
ஆக்னஸ் இப்போது கால்சதை மேசையில்,
வேகம் முன்பு போல் இல்லை,
சில நாள் வருகிறாள், சில நாள் இல்லை.
ஏர்வாடிப் பேச்சு நின்றுவிட்டது என்று
சத்தியம் செய்ய மாட்டேன்.
பீவி இருக்கும்போது எடுப்பதில்லை.

கட்டத்தில் இன்னும் பெரும்பாலும் காய்ச்சல்தான்.
நேற்று மட்டும் முத்துராக்கு
பேனாவை வாங்கி வெகு நேரம் நின்றாள்.
பெரிய பெரிய எழுத்து அவளுக்கு.
"காலைல எந்திரிக்கவே முடியல அழுகையா வந்துச்சு"
விரலகலத்தில் எங்கே அடங்கும்?
கோட்டைத் தாண்டி
கீழ்வரிக் கட்டத்துக்குள்ளும் இறங்கிவிட்டது.

கீழ்வரி என் பெயர்.