வியாழக்கிழமை வீடு

சக்கரப் பெட்டிக்குள் கத்திகள் ஐந்து.
தோள்பையில் இரண்டு நாள் ஊறிய காட் கருவாடு.
ஆறு முறை தண்ணீர் மாற்றினேன்,
நடுராத்திரி அலாரம் வைத்து.
அதற்குக் கூலி எந்தப் பில்லிலும் வராது.
போர்த்தோவின் ஏற்றங்கள் கல் பாவியவை:
மழை பெய்தால் பெட்டி ஒரு பக்கம் போகும்,
நான் ஒரு பக்கம்.

ஒவ்வொரு வீட்டு அடுப்புக்கும் ஒரு முன்கோபம்.
ஒன்று தொட்டாலே கூவும்.
ஒன்றில் இடது பர்னர் மாதக்கணக்காய்ச் செத்துக் கிடக்கும்,
வீட்டில் யாருக்கும் தெரியாது.
உப்பு எங்கே என்று கேட்டால்
வீட்டுக்காரியே நாலு அலமாரி திறந்து தேடுவாள்.

ஆனால் குளிர்பெட்டியைத் திறந்தவளிடம்
குடும்பம் எதையும் மறைக்க முடியாது.
ராத்திரி எழுந்து கேக்கை விரலால் தோண்டுவது யார்,
தயிருக்குப் பின்னால் மாத்திரை ஒளிப்பது யார்.
பார்த்ததை மூடி வைக்கிறேன்,
பாத்திரத்தை மூடுவது போல.

வியாழன், கடலோரம், மூன்றாம் மாடி.
நோர்பெர்த்து தெலெஷ்
முப்பத்தொரு வருஷம் காப்பி ருசி பார்த்தவர்.
ஒரு கரண்டி உறிஞ்சி
எந்த மலையின் எந்தச் சரிவு என்று சொன்ன மூக்கு
ஒரு காய்ச்சலோடு போயே போய்விட்டது.
"எடை இறங்குகிறது," என்றாள் மனைவி கிராசியேலா தொலைபேசியில்.
"பணம் பிரச்சினையில்லை."
பணம்தான் பிரச்சினை.
மார்ச் பாக்கி மே மாதம் வந்தது.

முதல் வாரம் என் கைமணம் முழுவதையும் கொட்டினேன்,
பூண்டும் கொத்தமல்லியும் ஆலிவ் எண்ணெயுமாக.
தட்டு போனபடியே திரும்பியது.
"அட்டைப்பெட்டி," என்றாராம்.
"ஃபிலோமினாவிடம் சொல், அட்டைப்பெட்டி தின்கிறேன்."
ஃபிலோமினா எனக்கு முந்தியவள்.
நான் ஒலிந்தா.

மணம் எட்டாதவருக்குக்
கைமணத்தில் கை மட்டும்தான் மிச்சம்.
வீட்டுக்கு வந்து, மூக்கில் துணிக்கிளிப்பை மாட்டிக்கொண்டு
ஒவ்வொன்றாய்த் தின்று பார்த்தேன்.
ரொட்டி, தலையணை. சூப், வெறும் சூடு.
ஆனால் வறுத்த பாதாம் உடைவது தெரிந்தது.
எலுமிச்சை பல்லைக் கூசியது.
மிளகாய் வலித்தது. வலிக்கு மூக்கு வேண்டாம்.

அந்த வீட்டில் அடுக்களைக்கும் மேசைக்கும் நடுவே
ஓர் ஆடும் கதவு.
சாப்பிடுகிற முகங்களை நான் பார்ப்பதில்லை.
முள்கரண்டிச் சத்தம்தான் எனக்கு வருகிற கடிதம்.
விறுவிறு என்றால் பசி.
பீங்கானைக் கீறினால் சண்டை.
பாதியில் நின்றால்
எனக்கும் ஏதோ நிற்கும்.

ஆறாவது வியாழன்
கொதிக்கும் கொண்டைக்கடலை மேல்
குளிர்ந்த ஆரஞ்சுச் சுளை வைத்தேன்,
ஐஸ் தண்ணீரில் விறைத்த வெங்காயம்,
அதன் மேல் அப்பளம் போலப் பொரிந்த கருவாட்டுத் தோல்.
இதற்குப் பெயர் கிடையாது.
எனக்குத் தொழில் பழக்கியவர் பார்த்திருந்தால்
சட்டியோடு வெளியே தள்ளியிருப்பார்.

தேய்த்துக்கொண்டிருந்த வாணலியை அப்படியே பிடித்தபடி நின்றேன்.
மொறுக்.
ஒன்றுமில்லை.
ஒன்றுமில்லை.
மொறுக், மொறுக்.
பிறகு அவர் குரல்:
"இது சத்தம் போடுகிறது, கிராசியேலா. கேட்கிறதா?
சத்தம் போடுகிறது."
அவள் சிரித்தாளா, அழுதாளா,
கதவு சொல்லவில்லை.

தட்டு வந்தது. தோலில் ஒரே ஒரு துணுக்கு மிச்சம்.
வாயில் போட்டேன்.
உப்புக் கரித்தது.
ஏழாவது முறையும் தண்ணீர் மாற்றியிருக்க வேண்டும்.

"நன்றி, ஃபிலோமினா," என்றது கதவு.
"ஒலிந்தா," என்றேன்,
குழாயைத் திறந்தபடியே, அவருக்குக் கேட்டிருக்காது.

கடைசிப் பேருந்து. ஆற்றில் விளக்குகள்.
வீட்டில் மத்தி மீன் டின்னைத் திறந்து
நின்றபடியே தின்றேன்.
நாளை ஆறு பேருக்குப் பிறந்தநாள் விருந்து.
ஒருத்திக்கு முட்டை ஆகாதாம்.
எந்த ஒருத்தி என்று
யாரும் எழுதவில்லை.