முதல் வகுப்புச் சாலை

தலைநகரிலிருந்து வந்த தாளில்
மூன்றே பத்தி.
இந்தக் குளிர்காலத்துக்கு உப்பு
மூன்றில் ஒரு பங்கு குறைவு.
மூன்றாம் வகுப்புச் சாலைகளில்
மேட்டிலும் வளைவிலும் மட்டும் தூவுக.
கூடுதல் நேரத்துக்குக் கூலி இல்லை.
கையெழுத்து இருக்க வேண்டிய இடத்தில்
கையெழுத்தின் படம்.

நான் டோரீன் லப்ரெக்.
பனி தள்ளும் வண்டி, எண் நாற்பத்தொன்று.
கனெக்டிகட் மாநிலத்தின் சம்பளத்தில்
பத்தொன்பது குளிர்காலம்.
எந்தச் சாலை எவ்வளவு உப்புக் குடிக்கும் என்று
என் முழங்கைக்குத் தெரியும்.

பெல்க்ரோவ் காப்பீட்டுக் கம்பெனி
போன வசந்தத்தில் போனது.
தெற்கே, பனி விழாத ஊருக்கு,
வரியும் விழாத ஊருக்கு.
ஆயிரத்து நானூறு பேரைக் கூட வரச் சொன்னது,
எண்பது பேர் போனார்கள்.
நாற்காலிகளை ஏலம் விட்டார்கள்.
ஒன்று எங்கள் உப்புக் கொட்டகையில் இருக்கிறது.
உட்கார்ந்தால் மெல்லப் பின்னால் சாயும்,
யாரோ ஒரு துணைத்தலைவரின் முதுகை
இன்னும் மறக்காமல்.

அவர்களுக்காகத்தான் நெடுஞ்சாலையிலிருந்து
ஒரு கிளையை வெட்டி இறக்கினோம்.
மாநிலத்தின் பணம், மாநிலத்தின் தார்.
வரியும் வேண்டாம் என்றோம்.
உப்பிட்டோம்,
உள்ளளவும் நினைப்பார்கள் என்றிருந்தோம்.
உள்ளளவு என்பதற்கு ஒப்பந்தத்தில்
பத்து வருஷம் என்று பொருள் எழுதியிருந்தது.
பதினோராவது வருஷம் பிறந்ததும்
லாரிகள் வந்தன.

சாலைகளின் வகுப்புப் பட்டியலை மட்டும்
யாரும் திருத்தவில்லை.
திருத்துகிற பெண்ணின் மேசையைத்தான்
முதல் வெட்டிலேயே வெட்டிவிட்டார்களே.
அதனால்
ஆளில்லாத ஏழு மாடிக்கு ஏறும் கிளை
இன்னும் முதல் வகுப்பு.
குவாரிச் சாலை மூன்றாம் வகுப்பு.
அங்கே நாற்பது டிரெய்லர் வீடுகள்,
ஒரு பள்ளிப் பேருந்து,
டயாலிசிஸுக்கு வாரம் மூன்று நாள்
விடியுமுன் கிளம்பும் மார்சல் த்யூபே.

பிப்ரவரியில் ஒரு செவ்வாய், அதிகாலை மூன்றரை.
மழையாக இறங்கி
தரையைத் தொட்டதும் மனம் மாறுகிற மழை.
கிளைச்சாலையின் முனையில்
விசையை அணைத்தேன்.
பின்னால் சுழலும் தட்டு நின்றது.
அந்த இரைச்சல் இல்லாமல் வண்டி
மூச்சைப் பிடித்துக்கொண்டதுபோல் ஊர்ந்தது.
மேலே கட்டடம். ஏழாம் மாடியில் விளக்கு.
நேரம் வைத்தது, தானே எரியும், தானே அணையும்.

மிஞ்சிய உப்பைக் குவாரிச் சாலைக்குக் கொண்டுபோனேன்.
மேட்டுக்கு, வளைவுக்கு, சமதளத்துக்கு,
தபால் பெட்டிகளின் காலடிவரைக்கும்.
த்யூபேயின் சமையலறை விளக்கு எரிந்தது.
அவர் என்னைப் பார்க்கவில்லை.
அது எனக்குப் பிடித்திருந்தது.

ஆறு மணிக்கு ரேடியோ கரகரத்தது:
கிளைச்சாலையில் ஒரு கார், பள்ளத்தில்.

காலிக் கட்டடத்துக்கும் ஒரு காவலாளி உண்டு.
காலி என்று சொல்லும்போதெல்லாம்
அவரை நான் எண்ணாமல் விட்டிருக்கிறேன்.
வில்னர் ஓகுஸ்தான்.
மூக்கு புதைந்த பழைய டொயோட்டாவின் அருகே
சாப்பாட்டுப் பையைச் சாயாமல் பிடித்தபடி நின்றார்.
அடி ஒன்றுமில்லை.
மணிக்குப் பதினாறு டாலர்,
தாமதமானால் அரை நாள் பிடித்தம்.
அதைத்தான் முதலில் சொன்னார்.

சங்கிலி மாட்டி இழுத்தேன்.
கார் வெளியே வந்தது, கிளம்பவில்லை.
அவர் காரைப் பார்க்காமல்
கண்ணாடியாய்க் கிடந்த சாலையைப் பார்த்தார்.
"மாநிலத்திடம் உப்பு தீர்ந்துவிட்டதா?"

என் முதுகுக்குப் பின்னால், தொட்டியில்,
இரண்டு டன் இருந்தது.
"தீர்ந்துவிட்டது" என்றேன்.

தலையாட்டினார்,
செய்தியில் கேட்டதைச் சரிபார்த்துக்கொண்டவர்போல.
பிறகு ஓரத்து இரும்புத் தடுப்பைப் பற்றி,
ஒரு கால் ஊன்றி, நின்று, மறு கால் ஊன்றி,
ஏறத் தொடங்கினார்.

வளைவில் அவர் மறையும்வரை காத்திருந்து
விசையைப் போட்டேன்.