ஒரு சாண் மிச்சம்

"மீன் தொட்டிதானே? உயரமா வைங்க,
பார்வையா இருக்கும்"
என்றார் பாகலூர் ரோட்டுக் கண்ணாடிக்கடை இம்தியாஸ்.
மீனில்லை என்றேன்.
நீளம் ரெண்டடி. பாதிக்கு மண்.
மண்ணுக்கு மேல் ஒரு சாண்தான் மிஞ்ச வேண்டும்.
பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு
என்னையே பார்த்தார்.

டரான்டுலா என்று எப்படிச் சொல்ல?
எட்டுக் கால் வைத்துக்கொண்டு
ஏறத் தெரியும், விழாமல் இருக்கத் தெரியாது.
ஓரடி போதும்,
கனிந்த பீத்தர் மாம்பழமாய்
வயிறு பிளந்துவிடும்.

கம்பிவலை மூடி வேண்டாம், நகம் சிக்கும்.
பக்கவாட்டில் எதிரெதிரே
துளைகள் போடச் சொன்னேன்.
என் வாடகை அறைக்கு ஒரே ஜன்னல்,
அதுவும் அடுத்த வீட்டுச் சுவரைப் பார்த்து.

காவேரிப்பட்டணத்து நார்க்கழிவு, அஞ்சு கிலோ கட்டி.
உப்புப் போக மூணு தண்ணீர் அலசினேன்.
பிடித்தால் பிடிபடணும்
பிழிந்தால் சொட்டக் கூடாது:
புட்டு மாவுப் பதம்.
அழுத்தி அழுத்தி நிரப்பி
உடைந்த பூந்தொட்டி ஒன்றைப் பாதி புதைத்து
வாசலை இருட்டுப் பக்கம் திருப்பி வைத்தேன்.

"நாய், பூனை கூடாது" என்றுதான்
பத்மாவதம்மாவின் அக்ரிமெண்டில் இருக்கிறது.
ரெண்டு முறை படித்துப் பார்த்துவிட்டேன்.

ரெண்டு ராத்திரி மூலையில்
காலை ஒடுக்கிக்கொண்டு கிடந்தாள்.
மூணாம் நாள்
நைட் ஷிப்ட் முடிந்து சிப்காட்டிலிருந்து வந்து
டார்ச் அடித்தால்
பூந்தொட்டியில் ஆளில்லை.
எதிர் மூலையில் புதிதாய் ஒரு பொந்து.
தோண்டிய மண் அத்தனையும்
நான் வைத்த தண்ணீர்க் கிண்ணத்தில்.