நீர்மட்டம்

காலையில் முதல் வேலை அது. சாயா அப்புறம்தான்.
தலையணை பெரிது, கனம், நீல உறை.
அதன்மேல் மல்லாந்து கிடக்கிறேன்.
உள்ளே, நுரையீரலுக்குப் போகும் குழாயில்
முருங்கை விதை போல ஒன்று.
பேட்டரி கிடையாது, முனகல் கிடையாது.
தலையணை கேட்டால் மட்டும் பதில் சொல்லும்.
தொடை வழியாக அதை உள்ளே விட்ட நாளில்
ரோஸ்லெட் வராந்தாவில் ஜெபமாலை உருட்டினாள்,
கணக்கு தப்பித் தப்பி.

பெருஞ்சாணி அணையில் முப்பத்தொரு வருடம் லஸ்கர்.
அளவுகோல் பார்க்க எழுபது படி இறங்கணும்,
பாசி வழுக்கும்.
டார்ச் அடித்து, குனிந்து, அடியும் பின்னமும் பார்த்து
ஏறி வந்து பதிவேட்டில் எழுதி
நாகர்கோவிலுக்குப் போன் செய்வேன்.
மறுநாள் பேப்பரில்
மழையளவுக்குக் கீழே, தங்கம் விலைக்கு மேலே
என் எண் வரும்.
இப்போது அதே நாகர்கோவிலிலிருந்து
எனக்குப் போன் வருகிறது.
ஷைனி. ஆஸ்பத்திரி நர்ஸ், தக்கலைக்காரி.

"அண்ணாச்சி, திங்கக்கிழமை பதினெட்டு.
இன்னைக்கு இருபத்துநாலு.
கருவாடு தின்னீங்களா?"
"இல்ல மக்களே."
அந்தப் பக்கம் ஒரு பேனா
மேசையில் தட்டுகிறது, இரண்டு முறை.
அடுப்படியில் மரச்சீனிக் கிழங்கு சீவுகிறவள்
சீவுவதை நிறுத்துகிறாள்.
நெத்திலி. நாலோ அஞ்சோ.

ஒரு ஐப்பசி.
மச்சினன் கல்யாணம் முடிந்து காட்டாத்துறையிலிருந்து
விடியக்காலம்தான் திரும்பினேன், கண்ணெல்லாம் மணல்.
படி இறங்கவில்லை.
முந்தின நாள் எண்ணையே எழுதி
கடைசி இலக்கத்தை மட்டும் கொஞ்சம் கூட்டினேன்,
நம்பும்படி.
மேலே மலையில் ராத்திரி முழுக்கப் பெய்தது
எனக்குத் தெரியாது.
மதியம் மதகைச் சட்டென்று தூக்கினார்கள்.
திருவட்டாறு பக்கம் யாருடையதோ வாழைத்தோட்டம்,
முந்நூறு மூடு மட்டி, குலை தள்ளிய நேரம்.
யாரும் என்னைக் கேட்கவில்லை.
பதிவேடு சுத்தமாக இருந்தது.

இந்த விதைக்குப் படி இல்லை.
தண்ணீரிலேயே நிற்கிறது.
கணுக்கால் வீங்குமுன், செருப்பு இறுகுமுன்,
ராத்திரி எழுந்து உட்கார்ந்து
ஜன்னலைத் திற என்று நான் கத்துமுன்
எத்தனையோ நாள் முன்னாடியே
அவளுக்கு ஏற்றம் தெரிந்துவிடுகிறது.
போன வருடம் மூன்று தடவை ஆம்புலன்ஸ்.
இந்த வருடம் அது வாசலுக்கு வரவில்லை.

"தண்ணி மாத்திரை ஒண்ணு கூட்டுங்க, மூணு நாளைக்கு."
"ரெண்டு மதகு, அரை அடி"
வாய் தவறி வந்துவிட்டது.
"என்னது?"
"ஒண்ணுமில்ல."
போனை வைக்கப் போனவளிடம்,
எதற்கென்று தெரியாமல்,
"எட்டு நெத்திலி" என்கிறேன்.
சிரிக்கவில்லை. எழுதிக்கொள்கிறாள்.

பதினோரு மணிக்குள் மூன்றாவது தடவை
ரப்பர் மூட்டுக்குப் பின்னால் நிற்கிறேன்.
மழை தூறுகிறது.
பார்த்து, வழுக்கும் என்று
உள்ளேயிருந்து ரோஸ்லெட்டின் சத்தம்.
கிழங்கு வெந்த வாசம்.
உப்பு போட்டிருக்க மாட்டாள்.