மேலிருந்து வரும் கை

பாம்பென்றால் படையும் நடுங்கும் என்கிறார்கள்.
இங்கே மனாமாவில், குதைபியாவின் மூன்றாம் மாடியில்
நடுங்குவது பாம்பு.
படையென்று சொல்ல நான் ஒருவன்,
லுங்கியில்.

விசா முடிந்து ரொம்மெல் கிளம்பியபோது
ரைஸ் குக்கரையும் இஸ்திரிப் பெட்டியையும்
பேரம் பேசி விற்றான்.
இதை மட்டும் விற்கவில்லை.
கண்ணாடிப் பெட்டியோடு என் கட்டிலருகே வைத்து
மேலே ஒரு அட்டை ஒட்டினான்:
பெயர் பப்பாயா. வயது இரண்டு.
விஷம் கிடையாது. பயம் உண்டு.

பப்பாளி என்று மாற்றிக்கொண்டேன்.
பழுத்த கீற்றின் நிறம், முதுகெல்லாம் செங்கல் திட்டு.
அடிவயிற்றைப் பார்த்தால்தான் தெரியும்
சோளப்பாம்பு என்று ஏன் பெயர் வந்ததென்று:
கதிரில் மணி கோத்த மாதிரி கட்டம் கட்டமாய்.

முதல் வாரம் மூடியைத் தொட்டாலே வால் உதறும்.
விரித்த செய்தித்தாளில் அந்த வால் எழுப்பும் ஓசை
கிளம்ப மறுக்கும் ஸ்கூட்டர்.
கழுத்தைக் கொக்கியாய் மடித்துப் பின்வாங்கும்.
விடாமல் பிடித்தேன்.
உள்ளங்கை நிறையக் கழிந்து வைத்தது.
மூன்று தரம் சோப்புப் போட்டும்
அன்றைய சப்பாத்தியில் அந்த வாடை.

என் பிழை எனக்குப் பிடிபட ஒன்பது நாள் ஆயிற்று.
நான் டவர் கிரேன் ஓட்டுகிறவன்.
மேகம் இல்லாத ஊரில்
மேகத்தின் உயரத்துக் கூண்டில் உட்கார்ந்து
கம்பிக்கட்டு, கான்கிரீட் வாளி, கழிப்பறைப் பீங்கான்
எதையும் மேலிருந்துதான் எடுப்பேன்,
மேலிருந்துதான் இறக்குவேன்.
பெட்டிக்குள்ளும் அப்படியே இறங்கியிருக்கிறது கை.
பப்பாளிக்கு
மேலிருந்து வருவதெல்லாம் பருந்து.

பிறகு பக்கவாட்டில் போனேன்.
கைகழுவி, எலி வாசமோ மீன் வாசமோ இல்லாமல்,
தரையோடு தரையாக உள்ளங்கையை வைத்து
எஃப்எம்மில் இரண்டு பாட்டு முடியும்வரை சும்மா இருந்தேன்.
நாக்கு வந்தது. போனது. வந்தது.
தலையைத் தொடவில்லை.
நடுவுடம்புக்கு அடியில் விரல் கொடுத்தேன்.
பிடிக்கக் கூடாது, தாங்க வேண்டும்.
ஒரு கை, அதன் முன்னே மறு கை, மறுபடி இந்தக் கை:
நான் தினமும் ஏறுகிற ஏணி
அதற்கு நானே.

நாற்பத்தாறு டிகிரி ஊரில்
ஓர் உயிருக்குச் சூடு வைக்க கரண்ட் பில் கட்டுகிறேன்.
அறையில் சதக்கத்துல்லாவுக்கு ஏசி பதினெட்டில் இருந்தாக வேண்டும்.
"பால் ஊத்துறியா?" என்று கேட்டான்.
ஃப்ரீசரில் இருக்கும் டப்பாவைத் திறந்து காட்டியதிலிருந்து
தன் மத்தி மீனை மூன்று பையில் கட்டி வைக்கிறான்.

தின்றபின் இரண்டு நாள் தொடுவதில்லை.
கண்ணில் பால் படர்ந்து நீலம் பூத்தால்
ஈரப்பாசி வைத்துவிட்டு ஒதுங்கிவிடுவேன்.
போன மாதம் உரித்த சட்டை ஒரே நீளம்,
கண்மூடி கூடக் கிழியாமல்.
பாஸ்போர்ட் உறைக்குள் மடித்து வைத்திருக்கிறேன்.
ஏனென்று கேட்காதீர்கள்.

பக்கத்து மனையில் பைலிங் அடிக்கிறார்கள்.
பப்பாளிக்குக் காது இல்லை, தரைதான் காது.
சைட்டிலிருந்து தெர்மாகோல் பலகை கொண்டுவந்து
பெட்டிக்கு அடியில் கொடுத்தேன்.
ஃபோர்மேன் பார்த்தார். எதற்கென்று கேட்கவில்லை.
கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பேன்?

நேற்று வெள்ளி.
முதன்முறையாகத் தானாகவே ஏறி
சட்டைக் கைக்குள் நுழைந்து
முழங்கை மடிப்பில் சுருண்டு நின்றது.
அதன் மூச்சு என் நாடிக்கு மேல்.
அந்நேரம் பார்த்து வீடியோவில் ஜான்சி.

"என்னங்க, கைக்குள்ள ஏதோ அசையுது?"

எழுந்தால் இது மிரளும்.
சொன்னால் அவள் மிரள்வாள்.
போனைச் சுவரில் சாய்த்துவிட்டு,
குரலை இறக்கி,
பக்கவாட்டில் ஆரம்பித்தேன்:

"ரொம்மெல்னு ஒருத்தனைப் பத்திச் சொன்னேனே,
ஞாபகம் இருக்கா?"